தண்டவாளம் தாண்டி வந்த கல்லறை

லோரன்ஸ் ஸ்வானபுல் வெள்ளிக்கிழமை செத்தார், சனிக்கிழமை அவரை வெள்ளைக்காரர் இடுகாட்டில் புதைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டீன்டால் ஊரின் வெள்ளைக்காரச் சனமெல்லாம் சபையில் கண்ணை மூடி ஜெபத்தில் இருந்த நேரமாகப் பார்த்து, அவருடைய கல்லறை மண்மேடும் சுற்றுக்கட்டும் தலைமாட்டுக் கருங்கல்லுமாக அப்படியே கிளம்பி, பெரிய ரோட்டில் இறங்கி, தபாலாபீசைக் கடந்து, வெள்ளையர் பக்கத்தையும் மற்றவர் பக்கத்தையும் பிரித்துப் போட்டிருக்கும் தண்டவாளத்தைத் தாண்டி, இந்தியர் இடுகாட்டுக்குள் நுழைந்து, போன சித்திரையில் போய்ச் சேர்ந்த முத்தம்மாளுக்கும் வேலியோரத்துத் தைல மரத்துக்கும் நடுவே காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நேரில் பார்த்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தர் வாயைத் திறந்தால் புளுகுகிற ஆள், மற்ற இரண்டு பேர் அப்படியில்லை, அதனால் நம்பித்தான் ஆகவேண்டும்.

ஏன் வந்தது, எப்படி வந்தது என்று இன்றைக்கும் கேட்பவர்கள் உண்டு. என்னத்தைச் சொல்ல? மூன்றாம் நாள் பால் தெளிக்க வேண்டும். தெளிக்க வேண்டியவளுக்கு வெள்ளைக்காரர் இடுகாட்டுக்குள் காலெடுத்து வைக்க அனுமதி கிடையாது. ஆகவே அவர் வந்துவிட்டார். தென்னாப்பிரிக்காவில் அந்த ஐம்பத்தொன்பதாம் வருஷத்தில் இதைவிட விளங்காத காரியங்கள் தினமும் கெஜட்டில் அச்சாகி வந்துகொண்டிருந்தன, அவற்றையெல்லாம் யாரும் எப்படி என்று கேட்கவில்லை.

தெளிக்க வேண்டியவள் தையல்நாயகி. அன்று காலை அவள் பாலைக் காய்ச்சிச் செம்பில் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டு, போக இடமில்லாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். முந்தைய நாள் சாவு ஊர்வலம் போனபோது காவல்காரன் அவளை வாசலிலேயே நிறுத்தி, வேலைக்காரர்கள் நிற்கிற இடத்தில் நிற்கச் சொன்னான், அவளும் நின்றாள், உள்ளே மண் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் அவள் காதை விட்டுப் போகவில்லை. அப்போதுதான் இடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் வீராசாமிப் படையாச்சி தலைத்துண்டு அவிழ்ந்தது தெரியாமல் ஓடி வந்தார்.

"தாயி, உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரு."

"எங்கண்ணே?"

"நம்ம காட்டுக்குத்தான். கல்லோட வந்திருக்காரு."

தையல்நாயகி செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "முட்டி வலிக்குதுன்னு கடைத்தெருவுக்குக்கூட வரமாட்டாரு, இவ்வளவு தூரம் நடந்தாரா மனுசன்," என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் அழுதாள், அழுதுகொண்டே வேகமாக நடந்தாள்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அப்பாவின் காய்கறித் தோட்டத்துக் காற்றாடிப் பம்பு கெட்டுப்போனபோது சரிபண்ண வந்த ஆள் லோரன்ஸ். பண்ணைக்காரர்களுக்குப் பம்பு மாட்டுவதும் கழற்றுவதும் அவருக்குத் தொழில். ஒரு நாளில் முடிகிற வேலையை ஒன்பது நாள் செய்தார், பத்தாம் நாள் பெண் கேட்டார். நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாக முதுகை உடைத்துக்கொண்ட அப்பா ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, கோயிலில் வைத்துத் தாலி கட்டச் சொன்னார். கட்டினார். பூசாரி இருந்தார், மேளம் இருந்தது, நாற்பது பேர் சாப்பிட்டார்கள், ஆனால் ஒருத்தருக்கும் சர்க்கார் கச்சேரிக்குப் போய்ப் பதிவு செய்யத் தோன்றவில்லை. ஊரில் யாருடைய கல்யாணமும் பதிவாகியிருக்கவில்லை. தாலி கழுத்தில் தொங்கும்போது காகிதம் எதற்கு என்றிருந்தது நம் சனத்துக்கு. அப்போது எழுதியிருந்தால் எழுதியிருக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. பிற்பாடு நாற்பத்தொன்பதில் ஒரு சட்டமும் ஐம்பதில் ஒரு சட்டமும் வந்து, வெள்ளையரும் மற்றவரும் கட்டிக்கொள்ளவும் கூடாது, கூடி வாழவும் கூடாது என்றாகிவிட்டபோது, கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அதற்கடுத்த வருஷம் கணக்கெடுக்க வந்த ஆள், இந்த வீட்டில் இந்தப் பொம்பளை யார் என்று கேட்டான். லோரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டு, வேலைக்காரி என்று சொன்னார். "வெறும் காகிதம்தானே நாயகி," என்று அவளுக்குத் தெரிந்த அவருடைய மொழியில் கெஞ்சினார். அவள் கையெழுத்துப் போட்டாள். போட்ட கையைப் பல நாள் சோற்றில் வைக்கக் கூசியது. அன்றிலிருந்து லோரன்ஸ் தன் வீட்டு முன்வாசலில் நுழைந்ததே இல்லை, அவளைப்போலவே சமையல்கட்டு வழியாகத்தான் போய்வந்தார், ஆனாலும் அந்தக் காகிதம் காகிதமாகவே இருந்தது.

இப்போது கல்லறை வந்துவிட்டது, ஊர் என்ன செய்யும்? முதல் வாரம் எல்லாரும் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள், இரண்டாம் வாரம் விரலை எடுத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். கருங்கல் நல்ல வழவழப்பு என்பதால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சுற்றுக்கட்டில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதின. பம்பு ரிப்பேருக்காகக் காத்திருந்த தோட்டக்காரர்கள் கல்லறைக்கு முன்னால் நின்று, வால்வு ஒழுகுகிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள், போனவர்களில் பாதிப்பேருக்கு வழியிலேயே யோசனை உதித்தது. முத்தம்மாளின் மகன் மட்டும் வந்து குதித்தான். எங்கம்மா சொந்தச் சாதிக்காரி வீட்டிலேயே தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டாள், அவள் பக்கத்தில் மாட்டுக்கறி தின்ற மனுசனா என்று கத்தினான். கோடு போடுவதில் நம் ஆட்கள் மட்டும் என்ன இளைத்தவர்களா! கடைசியில் இரண்டு கல்லறைக்கும் நடுவில் ஒரு செம்பருத்திச் செடி நட்டார்கள், அது மறைப்பு என்று அவனும் ஒப்புக்கொண்டான், செடி இடுப்பளவுக்குமேல் வளரவில்லை என்பதை அவன் கண்டுகொள்ளவில்லை.

தையல்நாயகியைப் பற்றியும் இத்தனை வருஷம் ஊர் நல்லபடியாகப் பேசியதில்லை. தொரை வீட்டுக்காரி என்று ஒரு மாதிரி இழுத்துத்தான் சொல்வார்கள். கோயிலில் கூழ் ஊற்றும்போது அவளுடைய குடத்தைத் தனியாக வைப்பார்கள். ஆனால் ஒரு ஆள் செத்த பிற்பாடும் தேடி வருகிறார் என்றால் அவளைப் பெண்டாட்டி இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? பதினாறாம் நாள் கருமாதிக்குப் பெண்கள் எல்லாரும் கூப்பிடாமலே வந்தார்கள். தாலி கழற்ற வேண்டும் என்று ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள்.

"எதிர்லயே உக்காந்திருக்காரு. எப்படிடி கழட்டுறது?" என்றாள் தையல்நாயகி.

நியாயம்தான் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பக்கத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மேலிடத்து உத்தரவு வர இரண்டு வாரம் ஆயிற்று, கருமாதி முடிந்த திங்கட்கிழமையே லாரி வந்தது. ஜெயில் கைதிகளை வைத்துத் தோண்டி, பெட்டியையும் கல்லையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்துச் சிமெண்டு பூசினார்கள். அடுத்த ஞாயிறு ஜெப நேரத்தில் சிமெண்டோடு வந்துவிட்டது. மறுபடி லாரி, மறுபடி ஞாயிறு. இப்படி நான்கு தடவை. நாலாம் தடவை வரும்போது தபாலாபீசு முக்கில் ஒரு சைக்கிள்காரர் ஒதுங்கி வழிவிட்டார், அதுவே வழக்கமாகிவிடும்போல் இருந்தது. நகரசபை எழுத்தர் ஸ்ட்ரைடம் என்பவருக்குத்தான் தூக்கம் போய்விட்டது. கெட்ட மனுசன் என்று சொல்லமுடியாது, கோப்பு ஒழுங்காக இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. இந்தியர் இடுகாட்டில் வெள்ளைக்காரப் பிணம் என்று எந்தத் தலைப்பில் எழுதுவது?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கல்லறை கிடக்கிற ஆறடிக்கு மூன்றடி நிலத்தை மட்டும் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, சுற்றிலும் முள்கம்பி போட்டு, பலகை மாட்டிவிடுவது. வெள்ளையர் பகுதிக்குள் மற்றவர்கள் நுழையக்கூடாதுதான், ஆனால் வேலைக்காரர்களுக்குச் சீட்டு உண்டு. அவரே ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு தையல்நாயகியின் வீட்டுக்கு வந்தார், கூடவே லோரன்சின் அண்ணன் கோர்னெலியசும் வந்தார். ஜெப சபையில் மூப்பர், கறுப்புக் கோட்டு, தம்பி உயிரோடிருந்தவரை இந்த வீட்டுப் படியை மிதிக்காதவர்.

"இதிலே கையெழுத்துப் போட்டால் நீ தினமும் போகலாம். தண்ணீர் ஊற்றலாம், பூ வைக்கலாம். யாரும் கேட்கமாட்டார்கள்," என்றார் ஸ்ட்ரைடம்.

"என்ன எழுதியிருக்கு?"

"கல்லறைப் பராமரிப்பு வேலைக்காரி."

"போடலன்னா?"

கோர்னெலியஸ் பதில் சொன்னார். "வெள்ளிக்கிழமை ரயிலில் அவனை ஃப்ரீ ஸ்டேட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். எங்கள் பண்ணைக்கு. முந்நூறு மைல். அங்கேயிருந்து நடந்து வரட்டும், பார்க்கலாம்."

முந்நூறு மைல் அவரால் நடக்க முடியாது என்று தையல்நாயகிக்குத் தெரியும். வந்தாலும் மலை ஏறி வரவேண்டும், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

ஊரே போடு போடு என்றது. படையாச்சி திண்டாடிப்போய் இரண்டு கையையும் பிசைந்தார்.

"ஒரு கையெழுத்துதானே தாயி. முன்னாடியும் போட்டதுதானே. அவரு இங்கயே இருப்பாரு, நீயும் பக்கத்துல இருப்ப. வேறென்ன வேணும் உனக்கு?"

"முன்னாடி போட்டப்ப அவரு உசிரோட இருந்தாருண்ணே. ராத்திரி சாப்பிடறப்ப என்னை நாயகின்னு கூப்பிட்டாரு, அதுல அந்தக் காகிதம் மறந்துபோச்சு. இப்ப யாரு கூப்பிடுவா? இப்ப போட்டா, நான் செத்தப்புறமும் வேலைக்காரிதான். எழுதி முத்திரை குத்தி வச்சிருவாங்க."

"அதுக்காக அவரை விட்டுக் குடுத்துருவியா?"

"குடுக்கமாட்டேன். அவரையும் குடுக்கமாட்டேன், பேரையும் குடுக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டு, படிவத்தை அடுப்பில் வைக்காமல் நான்காக மடித்து மண்ணெண்ணெய் விளக்கின் ஆட்டம் நிற்க அதன் அடியில் செருகினாள். மறுநாள் காலை கல்வேலை செய்கிற மபாத்தாவைத் தேடிப் போனாள்.

மபாத்தா ஸூலுக்காரர். ஊரில் வெள்ளைக்காரக் கல்லறை ஒவ்வொன்றின் எழுத்தும் அவர் கையால் வெட்டியது, ஆனால் உளிவேலை வெள்ளையருக்கு என்று ஒதுக்கியிருந்ததால் பட்டறைப் பதிவேட்டில் அவர் பெருக்குகிறவர். பதினேழு வருஷமாக விளக்குமாற்றை ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டு எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். லோரன்சின் கல்லும் அவர் வெட்டியதுதான். இருமல் முற்றியபோதே லோரன்ஸ் வந்து, பேரை மேலே வெட்டு, கீழே பாதிக்கல்லைக் காலியாக விடு என்று சொல்லியிருந்தாராம். காய்கறி விற்றுப் பழகிய ஸூலு மொழியில் தையல்நாயகி விஷயத்தைச் சொன்னாள்.

"என்ன வெட்டட்டும் அம்மா? மனைவி இன்னார் என்றா?"

"என் பேரு என் கல்லுல வரட்டும். இது அவர் கல்லு. 'தையல்நாயகியின் புருஷன்'னு வெட்டு."

"உங்கள் எழுத்திலே வெட்டிவிடுகிறேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. பூ வேலைப்பாடு என்று நினைத்துக்கொள்வார்கள். உங்களுக்கும் ஆபத்தில்லை."

நல்ல யோசனைதான். படையாச்சிக்குக்கூடப் பிடித்திருந்தது. ஆனால் அவள் தலையை ஆட்டினாள்.

"இருபத்தெட்டு வருஷம் ஒளிஞ்சிருந்தாச்சு. அவங்க எழுத்துல வெட்டு. அவங்க அண்ணன் கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்குப் பெரிசா."

"ஜெயிலுக்கு அனுப்புவார்கள் அம்மா. புருஷன் என்று எழுதினால் அது நீங்களே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி."

"ஒப்புக்கிறேன்."

மபாத்தா உளிகளை எடுத்துச் சாக்கில் போட்டார். வியாழக்கிழமை பகல் முழுக்க, ஊர் பார்க்க, பிள்ளைகள் வாய்ப்பாட்டை மறந்து வாய் பிளந்து நிற்க, ஒவ்வொரு எழுத்தாக வெட்டினார். யார் வெட்டியது என்று கேட்டால் பெருக்குகிறவனுக்கு எழுத்து வெட்டத் தெரியுமா என்று அவர்களுடைய பதிவேட்டையே காட்டிவிடுவேன் என்று சிரித்தார். மாலையில் எழுத்துக்குள் இருந்த தூசியைத் தையல்நாயகி தன் முந்தானையால் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. ஸ்ட்ரைடம், கோர்னெலியஸ், ஒரு போலீஸ் சார்ஜண்டு, முள்கம்பிச் சுருள் ஒன்று, எல்லாம் வந்து இறங்கின. இந்தப் பக்கம் தமிழ்ச்சனம் முழுக்க நின்றது, முத்தம்மாளின் மகன் உட்பட. கோர்னெலியஸ் கல்லைப் படித்தார். கண்ணாடி தேவைப்படவில்லை. முகம் செங்கல்லாகிவிட்டது.

"யார் எழுதினது இது?"

"நான்தான். அவரு சம்சாரம்," என்றாள் தையல்நாயகி, தெளிவான ஆஃப்ரிகான்சில், லோரன்ஸ் பேசுகிற அதே இழுவையோடு. "போயர் சண்டை நடந்தப்ப உங்களுக்கு அஞ்சு வயசு, அவருக்கு மூணு வயசு. இங்கிலீஷ்காரன் உங்க பண்ணையைக் கொளுத்திட்டு உங்களையெல்லாம் கம்பிவேலி முகாமுக்குள்ள அடைச்சான். உங்கம்மா அங்கயே செத்தாங்க. பேர் இல்லாம குழியில போட்டான். எந்தக் குழின்னு தெரியலயேன்னு அவரு சாகிற வரைக்கும் அழுதாரு. எங்கிட்டத்தான் அழுதாரு. அழறவரு தலையை மடியில வச்சுக்கிட்டது வேலைக்காரியா? இப்ப அதே கம்பியைத் தூக்கிக்கிட்டு நீங்க வந்து நிக்கிறீங்க. நல்லாயிருக்கா இது?"

கோர்னெலியஸ் தொப்பியைக் கழற்றினார். அட, மனம் இளகிவிட்டது என்று நம் சனம் நினைத்தது. அவர் அந்தத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கல்லைப் பார்த்தார், பிறகு தலையில் மாட்டிக்கொண்டு சார்ஜண்டிடம் போய்ப் புகார் எழுதிக்கொள்ளச் சொன்னார். எல்லாருக்கும் இளகாது. ஆனால் முள்கம்பிச் சுருளைத் திரும்ப லாரியில் ஏற்றச் சொன்னதும் அவர்தான்.

புகார் எழுதியதும் ஒரு சங்கதி நடந்தது. குற்றத்துக்குச் சாட்சி அந்தக் கல். சாட்சிப் பொருளை வழக்கு முடியும்வரை ஒரு அங்குலம்கூட நகர்த்தக்கூடாது. சார்ஜண்டு அதன்மேல் சிவப்புச் சாயத்தில் ஒரு எண் போட்டு, யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு ஒட்டினார். ரயில் பெட்டி காலியாகப் போயிற்று. ஸ்ட்ரைடம் ஒருவழியாக அதற்கு ஒரு தலைப்புக் கிடைத்த திருப்தியில் கோப்பை மூடினார். வழக்கு முடிந்தாலும் சாட்சிப் பொருளைத் திரும்ப எடுக்க வேறொரு இலாகா மனுப் போடவேண்டும், அந்த இலாகா எது என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாம் வாரம் கோர்ட்டு. வெள்ளையர் பெஞ்சில் கோர்னெலியஸ், பின்னால் மற்றவர்களுக்கான பெஞ்சில் இடம் போதாமல் வாசல் வரைக்கும் நம் சனம். டர்பனிலிருந்து வந்த தமிழ் வக்கீல் வழியிலேயே அவளை நிறுத்தினார்.

"அம்மா, நான் வேலைக்காரிதான், கல்லுல எழுதினது துக்கத்துல செஞ்ச தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்களே அதைத்தான் எதிர்பார்க்கிறாங்க. அண்ணன்காரர் புகாரை வாபஸ் வாங்கிக்குவார். சாயங்காலம் வீட்டுல இருக்கலாம்."

"இல்லாட்டி?"

"மூணு மாசம். கல்லு உடைக்கிற ஜெயில் இல்ல, துணி துவைக்கிறது. ஆனாலும் ஜெயில்தான்."

"துவைக்கிறேன்," என்றாள்.

கூண்டில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியை மாட்டி, முத்திரை குத்திய காகிதத்தை எடுத்து, இறக்கம் ஏற்றம் இல்லாமல் வாசித்தார். இந்த நீதிமன்றத்தின் முன் நிற்கும் தையல்நாயகி என்கிற இந்தியப் பெண், ஐரோப்பியரான லோரன்ஸ் ஸ்வானபுல் என்பவருடன், இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை, ஒரே வீட்டில், அவருடைய மனைவியாக வாழ்ந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா? துபாஷி தமிழில் சொல்ல வாயெடுத்தார், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஐயா, எனக்கு வயசாச்சு, காது சரியாக் கேக்கல. இன்னொரு தடவை வாசிங்க. கொஞ்சம் சத்தமா."

அவளுடைய காது நன்றாகக் கேட்கும் என்று கோர்ட்டில் எல்லாருக்கும் தெரியும். மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் குற்றவாளிக்குக் கேட்கவில்லை என்றால் மறுபடி வாசிக்கவேண்டும் என்பது விதி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெள்ளையர் பெஞ்சுக்கும் பின் பெஞ்சுக்கும் வாசல்வரை நின்றவர்களுக்கும் கேட்கும்படி, அவருடைய மனைவியாக வாழ்ந்தார் என்று உரக்க வாசித்தார். எழுதுகிற குமாஸ்தா அதை அப்படியே எழுதினார்.

தையல்நாயகி தலையை நிமிர்த்தினாள்.

"ஆமாங்கய்யா. எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க," என்றாள்.